முயல் குருளைக்குக் கீரை எப்போது?

முயல்குட்டிகளுக்கு எந்த வயதில் கீரை கொடுக்கத் தொடங்கலாம் என்று சென்ற மாதம் மட்டும் நண்பர்கள் மூவர் கேட்டுவிட்டனர். மொழியியல் ஆய்வாளரிடம் கேட்கத்தக்க வினா அன்று. ஆயினும் மைசூரில் நான் குடியிருக்கும் வீட்டு உரிமையாளரின் பேத்தி வளர்க்கும் இரு முயல்களுக்குச் சில மாதங்களாகத் தீனி வைப்பவர்களுள் நானும் ஒருவர். அதனால் அறிந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

இவை அச்சிறுமியின் இரண்டாவது இணை. முதலில் வாங்கிய இரு குட்டிகளும் ஒரு வாரத்துக்குள் இறந்துபோயின. விற்றவர் சொன்ன அறிவுரை இரண்டே சொற்கள்: 'சொப்பு ஹாகி'. கீரை போடுங்கள் என்று பொருள். வீட்டார் அன்போடு முட்டைக்கோசு இலையும் கேரட்டும் கொத்தமல்லியும் கட்டுக்கட்டாகப் போட்டனர். கழிச்சல் கண்டது. மருத்துவரிடம் கொண்டுசெல்வதற்குள் எல்லாம் முடிந்தது. முயல் கீரை தின்னும் என்பது உண்மைதான். அவ்வுண்மை அக்குட்டிகளை ஏன் காக்கவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஒரு காரணம் பெயரிலேயே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயரை வகுக்கிறது. அங்கே முயல் எனப்படுவது நம் புதர்க்காடுகளில் வாழும் காட்டுமுயல். அதன் குருளை உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறப்பது. இன்று கூண்டில் வளர்ப்பதோ ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட வேறோர் உயிரினம். கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் வளர்க்கும் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்றவை இவ்வினத்தின் வகைகளே. இதன் குட்டி மயிரின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கிறது. ஏறக்குறைய 10 நாள் கழித்தே கண் திறக்கிறது. தமிழில் இரண்டும் முயல். கன்னடத்தில் இரண்டும் மொல.

'சொப்பு' என்ற சொல்லும் அப்படித்தான். தமிழில் நாம் உண்பது கீரை, ஆட்டுக்கு ஒடிப்பது தழை. கன்னடத்தில் சமைக்கும் கீரையும் சொப்பு, வேப்பிலையும் 'பேவின சொப்பு'. எந்த இலை, எத்தனை வாரக் குட்டிக்கு, எவ்வளவு என்பவற்றுள் எதையும் அச்சொல் தெரிவிப்பதில்லை. அவற்றைக் கேட்பவர்தாம் வருவித்துக்கொள்ள வேண்டும்.

வயது ஏன் முதன்மையானது? வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலம் மிகக் கடுமையானது, அதன் பி.எச். அளவு 1 முதல் 2 வரை. உணவோடு வரும் நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. பால்குடிக் குட்டியின் இரைப்பையில் அத்தகைய அமிலம் இல்லை. தாய்ப்பாலிலிருந்து உருவாகும் கொழுப்பு அமிலங்களே அப்போது காவல். பால் மறக்கும் காலத்தில் அக்காவல் விலகுகிறது. அமிலக் காவல் இன்னும் முழுமையடைவதில்லை. நார்ப்பொருளைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களும் குருட்டுக்குடலில் அப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கின்றன. பழகாத ஈர இலைகள் ஒரே நாளில் பெருமளவில் உள்ளே செல்லும்போது தீய நுண்ணுயிர்கள் பெருகக்கூடும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது.

ஆகவே, தாயோடு இருக்கும் குட்டிக்கும் கடையிலிருந்து வரும் குட்டிக்கும் விதி வேறு. தாய் நாள்தோறும் கீரை தின்பதாயின், குட்டிகள் மூன்று வார அளவில் அதன் பங்கைக் கொறிக்கத் தொடங்கும். தாயின் மென்புழுக்கை வழியாக நுண்ணுயிர்களையும் பெறும். அவற்றுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிச்செல்லலாம். தாய் என்ன தின்றது என்று தெரியாத குட்டிக்கு 12 வாரம் வரை உலர்புல், குட்டிகளுக்கான குச்சித்தீவனம், தண்ணீர் ஆகியவை மட்டும் என்பது முயல் வளர்ப்போர் பலரும் பின்பற்றும் எச்சரிக்கை. நாங்கள் நிழலில் உலர்த்திய அருகம்புல்லையும் கொடுத்தோம்.

பன்னிரண்டாம் வாரம் தொடங்கிய முறை எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது. 'கல்', 'பல்' என்னும் இணையில் ஓர் ஒலி மட்டும் மாறுவதால்தான் பொருள் மாறியதற்கு அதுவே காரணம் என்று சொல்ல முடிகிறது. கீரையும் அவ்வாறே: ஒரு நேரத்தில் ஒரே புதிய இலை, நாளொன்றுக்கு 15 கிராமுக்கு உட்பட்டு, மற்றவை மாறாமல். முதலில் கொத்தமல்லி, பிறகு புதினா. மூன்றாவதாக வெந்தயக்கீரை வைத்த மறுநாள் ஒரு முயலின் புழுக்கை இளகியது. அதை மட்டும் நிறுத்தினோம், உலர்புல்லிலேயே சரியாயிற்று. மூன்றையும் சேர்த்து வைத்திருந்தால் எது ஒவ்வவில்லை என்று எப்படி அறிவது?

பட்டு வளர்ப்போர் மிகுந்த இப்பகுதிக்கு இது புதிய செய்தியும் அன்று. மல்பெரித் தோட்டம் ஒன்றே. ஆயினும் இளம்புழுவுக்குத் தளிரை நறுக்கிப் போடுவர், முதிர்ந்த புழுவுக்கு முற்றிய இலையைத் தருவர். பூச்சிமருந்து படாத மல்பெரி இலை வளர்ந்த முயலுக்கும் நல்ல தீனி. எங்கள் வரிசையில் அது நான்காவதாக வந்தது. முட்டைக்கோசை இன்னும் சேர்க்கவில்லை. கேரட்டில் சர்க்கரை மிகுதி என்பதால் எப்போதாவது ஒரு சிறு துண்டு மட்டும். ஆக்சலேட் மிகுந்த பாலக்கீரையை நாள்தோறும் தருவதில்லை.

முயல்குட்டி வாங்குவோர் இரண்டைக் கேளுங்கள்: வயது என்ன, தாயோடு இருந்தபோது எதைத் தின்றது. விடை தெளிவாக இல்லையெனில் உலர்புல்லோடு பொறுத்திருங்கள். குட்டி நீர்போலக் கழிந்தாலோ அரை நாள் தீனி எடுக்காவிட்டாலோ மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.