அம்மா பார்த்த மில்

எங்கள் வீட்டில் மில் என்றால் அப்பாதான். பெரம்பூர் பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில்லில் தறி ஓட்டினார். கொடுங்கையூரிலிருந்து சைக்கிளில் போவார். காலை ஷிப்டு என்றால் அம்மா நான்கு மணிக்கே எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைப்பாள். இரவு ஷிப்டு என்றால், பகலில் அவர் தூங்கி எழும்வரை எங்களைத் தெருவிலேயே வைத்திருப்பாள். மில்லின் நேரம்தான் அம்மாவின் நேரம். ஆனால் எந்த வருகைப் பதிவேட்டிலும் அவள் பெயர் இல்லை.

வடசென்னையில் அந்த மில்லின் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1870களில் தொடங்கிய ஆலை. அதன் காக்கித் துணிக்குப் பெரிய பேர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்தத் தொழிலாளர்களால்தான். வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் என்ற பெயர்களை அப்பா சொல்லித்தான் முதலில் கேட்டேன். கல்லூரியில் அதையெல்லாம் பெருமையாகப் பேசியிருக்கிறேன். வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

1996இல் மில் மூடப்பட்டது. அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள். போகுமுன் சமைத்தாள், வந்தும் சமைத்தாள். மில் நின்ற பிறகும் அவளுடைய நான்கு மணி மாறவில்லை.

காலியான ஷெட்டுகளில் சினிமாக்காரர்கள் படம் எடுத்தார்கள். டிவியில் அந்தத் தூண்கள் தெரிந்தால் அப்பா நிமிர்ந்து உட்காருவார். எக்ஸ்போர்ட்டில் வேலையில்லாத ஒரு வாரம், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாள் என்று அம்மா அங்கே ஷூட்டிங்குக்குப் பெருக்கப் போனாள். அப்பா மறந்துவிட்டுப் போன கேரியரைக் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிய அந்த இடத்துக்குள் அன்றுதான் முதல்முறையாக நுழைந்தாள்.

ராத்திரி அப்பா ஆவலாகக் கேட்டார்: "எங்க டிபார்ட்மென்ட் அப்டியே இருக்குதா?"

"எல்லாம் தூசிதான். பெருக்கினேன். உன் தறி இருந்த எடம் எதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? என்னிக்காவது சொல்லியிருக்கியா?"

அப்பா பேசவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மில் கதைகளை அவர் எங்களுக்குச் சொன்ன ராத்திரிகளில் எல்லாம் அம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆலை, ஷூட்டிங் ஸ்பாட், குடியிருப்பு என்று அந்த இடத்தின் கதையை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அம்மாவின் கணக்கில் இரண்டுதான்: வெளியே இருந்துகொண்டு அதற்காக உழைத்த வருஷங்கள், உள்ளே போய்ப் பெருக்கிய ஒரு நாள். கூலி அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் கிடைத்தது. அதை அவள் அப்பாவிடம் கொடுக்கவில்லை.