திண்ணைக்கு ஒரு பலகை

பர்லிங்டன் விமான நிலையத்தில் இறங்கி 89-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்தே ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அக்டோபர் மாதம். இரு பக்கமும் மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நின்றன. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். குறை வேறெங்கோ இருந்தது. அரை மணி நேரம் போன பிறகுதான் பிடிபட்டது: வழியில் ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை.

"இங்க அதுக்கு அனுமதியே கிடையாது சித்தப்பா," என்றாள் வண்டி ஓட்டிய அண்ணன் மகள்.

வெர்மான்ட் மாநிலம் 1968-லேயே சாலையோர விளம்பரப் பலகைகளைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. டெட் ரீல் என்ற சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று நடத்திய காரியம். அமெரிக்காவில் ஹவாய், அலாஸ்கா, மெய்ன், வெர்மான்ட் என்று நான்கே மாநிலங்களில்தான் இப்படி. கடைக்காரர் தன் வாசலில் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் அளவு உண்டு. ஃப்ளெக்ஸ் பேனர்களுக்கு இடையே பஸ் நிறுத்தத்தைத் தேடிப் பழகிய எனக்கு, மலை மலையாகவே தெரிவது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

பெரிதாகக் கத்த முடியாத ஊரில் சின்னக் குரலைத் திருத்தமாக வைத்துக்கொள்கிறார்கள். தலைநகர் மான்ட்பீலியரில் மொத்தமே எட்டாயிரம் பேர் சொச்சம். சட்டமன்றத்தின் குவிமாடத்துக்குத் தங்கம் பூசியிருக்கிறார்கள். உச்சியில் நிற்கும் விவசாய தேவதை மரத்தில் செய்தது, 2018-ல் புதிதாகச் செதுக்கி ஏற்றியது. கீழே கடைத்தெருவில் மரப்பலகைகள் தொங்குகின்றன. குழிவாக வெட்டிய எழுத்து, குழிக்குள் தங்க ரேக்கு. தஞ்சாவூர்ப் படத்தில் ரேக்கு மேடேறி மின்னும். இங்கே பள்ளத்தில் இறங்கி மின்னுகிறது. வெயில் சாயச் சாய எழுத்தின் ஒரு சரிவு அணைந்து மறு சரிவு பற்றிக்கொள்கிறது.

"இதையெல்லாம் உளியாலயா வெட்டுறாங்க?" என்று கேட்டு வைத்தேன். மறுநாள் காலை அவள் என்னைப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே கார் இல்லை.

நடுவில் கட்டில் அளவுக்கு ஒரு மேசை. அதன் மேல் மரச்சட்டத்தில் குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் மரவேலைக்காரர்கள் கையில் பிடித்து மரத்தைக் குடையும் சாதாரண ரவுட்டர். அலுமினியக் கோணத்தின் மேல் ஓடும் சக்கரங்கள் ஸ்கேட்போர்டு பேரிங்குகள். தள்ளுவதற்கு இரும்புக் கடையில் கிடைக்கும் திருகுக் கம்பி. மூளை, உள்ளங்கை அகல ஆர்டுயினோ அட்டை. அதில் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். இரண்டு குளிர்காலத்தில் அவரே கட்டியது. வெர்மான்டில் குளிர்காலம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் இது ஆச்சரியமில்லை.

இதன் பாட்டன் 1952-ல் எம்ஐடியில் இயங்கிக் காட்டப்பட்ட எந்திரம். ஹெலிகாப்டர் இறக்கைகளுக்காக ஜான் பார்சன்ஸ் என்பவர் தொடங்கி வைத்த யோசனை அது. துளையிட்ட நாடாவைப் படித்து உலோகத்தை வெட்டும். பேரன் இங்கே பைன் பலகையில் முட்டைக் கடைக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான்.

குனிந்து பார்த்தேன். ரவுட்டரில் சுழலும் பிட்டின் முனை 'வி' வடிவம், தொண்ணூறு டிகிரி. எழுத்தின் கோடு 12 மில்லிமீட்டர் அகலமென்றால் 6 மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது. கோடு ஒடுங்க ஒடுங்க மேலே எழும்புகிறது. மூலைக்கு வந்ததும் முனை மட்டும் மரத்தைத் தொட்டபடி ஊசியாக இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. சுற்றுகிற கருவிக்குக் கூர்மூலை வராது என்று நினைத்திருந்தேன். கல்தச்சர் உளியில் எடுக்கும் மூலையை இது மேலே எழும்பியே எடுத்துவிடுகிறது.

திருகுக் கம்பிகளைச் சுழற்றும் மோட்டார்கள் பாடவும் செய்தன. வேகம் மாறினால் சுருதி மாறும். வளைவில் இரண்டும் சேர்ந்து ஒரு கமகம். அதில் சொக்கிப் பின்வாங்கியபோது தூசி உறிஞ்சும் குழாயை மிதித்துவிட்டேன். பாலம் ஒரு கணம் திணறி, உறுமி, மறுபடி ஓடியது.

"போச்சு," என்றார் பெரியவர்.

அதன்பின் வந்த எழுத்தெல்லாம் ஒரு விரல்கடை தள்ளி விழுந்தது. அந்த மோட்டாருக்கு ஒரு சுற்று என்பது 200 எட்டு வைப்பது. ஒரு சுற்றுக்குப் பாலம் 2 மில்லிமீட்டர் நகரும் என்றால் ஓர் எட்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கம். ஆனால் கண் கிடையாது. தடுத்து நிறுத்தினாலும் தான் நடந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு போகும். (இப்படிச் சில மனிதர்களையும் தெரியும்.)

மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பலகையைத் திருப்பிப் போட்டார். "பின்பக்கம் சும்மாதானே இருக்கு. உங்க மொழியில ஏதாவது வெட்டுவோமா?"

அண்ணன் மகள் வீட்டு வாசலில் கூரை போட்ட ஒரு நீள மரமேடை உண்டு. அதை அவள் திண்ணை என்றுதான் சொல்வாள். அதையே எழுதினேன். 'தி' அழகாக வந்தது. 'ண்'ணில் வந்தது வம்பு. சுழிக்குள் மிச்சம் நிற்கும் மரம் பயறளவுத் தீவு. மரத்தின் வரி குறுக்கே ஓட, ஒரு தீவு படக்கென்று தெறித்தது. அவர் எந்திரத்தை நிறுத்தி, மரத்தூளில் சாமணத்தால் துழாவி, அந்தத் துணுக்கைக் கண்டெடுத்து, ஒரு சொட்டுப் பசையில் ஒட்டினார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை 'ணை'யாக இருந்தால் என்ன பாடுபட்டிருப்போமோ.

கடைசியில் புள்ளி மட்டும் பாக்கி. "இது அவசியமா?" என்றார்.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். அதைச் சொன்னேன். "இது கிழியாது," என்று பொத்தானை அழுத்தினார். பிட் 'ண்'ணின் தலைக்கு மேல் போய் நின்றது. பக்கவாட்டில் அசையவில்லை. நேராக இறங்கி, நேராக ஏறியது. பலகையில் ஒரு சின்னக் கூம்புக்குழி. அன்று காலை முழுவதும் அந்த எந்திரம் செய்ததில் இதுதான் அதற்கு மிகச் சுலபமான வேலை. பெரியவர் குழிக்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார்.

பலகை இப்போது அந்தத் திண்ணையில் தொங்குகிறது. சுவரைப் பார்த்த பக்கத்தில் முட்டைக் கடை இன்னும் ஒரு விரல்கடை விலகியேதான் நிற்கிறது.