தொண்ணூறு விநாடி

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நின்றது. பற்றரி செத்த லப்டொப்பில் படிக்கிற பிள்ளைக்கு அது என்ன பாடு என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கறண்ட் போனால் திரை அந்தக் கணமே அணையும். வந்ததும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கொக்குவிலில் அக்காவின் மகளுடைய லப்டொப் எழும்ப மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

கனடாவில் சித்தப்பா ஒருவர் பாவித்து முடித்து அனுப்பியது அது. 4 ஜிபி ராம், நிமிடத்துக்கு 5400 தரம் சுற்றும் ஹார்ட் டிஸ்க், அதில் உபுண்டு. கடைக்குக் கொண்டுபோய் வந்தவள், "சீவன் போயிட்டுதாம் மாமா, புதுசு வாங்கட்டாம்" என்றாள். 200 ரூபாயில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியிருந்தது. புதுசுக்கு எங்கே போவது? தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர். இங்கே பழுது என்னவென்று பாராமலே 'எறி' என்று சொல்லும் பழக்கம் வளர்வது எனக்குக் கவலையாக இருக்கிறது.

லினக்ஸின் பெரிய குணம், ஏன் பிந்தியது என்று கேட்டால் பதில் தரும். சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை, கேர்னலுக்கு எவ்வளவு நேரம், மற்றவற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக் காட்டும். அதோடு 'பிளேம்' சேர்த்தால் ஒவ்வொரு சேவையும் எடுத்த நேரம் பெரியதில் இருந்து சிறியதாக வரும். பட்டியலில் முதலாவதாக நிற்பதை உடனே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. இன்னொன்று முடியட்டும் என்று அது சும்மா காத்து நின்றிருக்கலாம். இவளுடைய பட்டியலிலோ மூன்று நிமிடத்துக்குக் காரணம் சொல்லக்கூடியதாக ஒன்றுமே இல்லை.

திரும்பத் தொடங்கி, உபுண்டு படம் வந்ததும் எஸ்கேப் விசையை அழுத்தச் சொன்னேன். படம் விலகிக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. ஓரிடத்தில் நின்றுவிட்டது. இடது பக்கம் சிவப்பு நட்சத்திரக் குறிகள் அங்கும் இங்கும் அசைய, ஒரு டிஸ்க் பகுதிக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. அதன் முடிவில் விநாடிக் கணக்கு. எல்லை ஒன்றரை நிமிடம். அதுவரை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

முன்பு பாவித்த யாரோ இடம் காணாமல், ராம் நிறைந்தால் டிஸ்க்கில் பாவிக்கிற சுவாப் பகுதியை அழித்திருக்கிறார்கள். தொடங்கும்போது எந்தப் பகுதிகளை எடுக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் வரி மட்டும் அப்படியே கிடந்தது. வராத பகுதிக்காக, சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி வழமையாகக் காத்திருக்கும் நேரம் 90 விநாடி. அதற்கு முன்னரே, உறக்கநிலையில் சேமித்தது ஏதும் அதே பகுதியில் உண்டோ என்று தேடுவதில் அரை நிமிடம் போயிருந்தது. இதைத்தான் கடையில் கிழடு தட்டிவிட்டது என்று எடுத்திருக்கிறார்கள்.

இருக்கிற பகுதிகளின் நீண்ட அடையாள எண்களை எல்எஸ்பிஎல்கே கட்டளையால் எடுத்தோம். கோப்பில் இருந்த எண்ணை அவள் உரத்து வாசிக்க, நான் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். "ஒண்டோடயும் பொருந்தேல்லை மாமா." கோப்புக்கு முதலில் ஒரு பிரதி. பிறகு அந்த வரியின் முன்னால் ஒரு # குறி. தொடக்க அமைப்பில் இருந்த பழைய எண்ணையும் எடுத்துவிட்டு, கேர்னலோடு முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தோம். 4 ஜிபி ராம் பிரவுசருக்கே காணாது என்பதால் அழிந்த பகுதிக்குப் பதிலாக 2 ஜிபியில் ஒரு சுவாப் கோப்பு.

இப்போது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுக்கிறது. மிச்சம் டிஸ்க் சுற்றுகிற நேரம். எஸ்எஸ்டி போட்டால்தான் அது குறையும், விலை இறங்கட்டும் என்று விட்டிருக்கிறோம். அதுவரை மாதத்துக்கு ஒருக்கால் ஸ்மார்ட் சோதனை ஓட்டி, மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். படிப்புக் குறிப்புகளை பென் டிரைவிலும் ஒரு பிரதி வைக்கச் சொன்னேன்.