ஜாக்கி வைக்கும் இடம்

பெரும்பாறையில் வண்டி என்றால் ஜீப்தான். காப்பி மூட்டை, மலைவாழைத் தார், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாவற்றையும் அதுவே சுமக்கிறது. அதில் பழகிய கையிடம் பழைய அம்பாசிடரை ஜாக்கி வைக்கக் கொடுக்கத்தான் எனக்குப் பயம்.

மகிந்திரா 1947-இல் பூட்டத் தொடங்கிய வில்லிஸின் வழிவந்த இந்த ஜீப்புகளுக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு சேஸிஸ் இருக்கிறது. பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பாடிக்கு நோகாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசிடருக்கோ முழுநீளத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டம், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் சுமக்கின்றன. அந்தக் கனத்த உருவத்தைப் பார்த்து எங்கே வைத்தாலும் தாங்கும் என்று நம்பிவிடுகிறார்கள். வெறும் தரைத்தகட்டில் ஜாக்கியை வைத்தால் தகடு மட்டும் மேலே போகும். சக்கரம் மண்ணிலேயே கிடக்கும். என்ஜின் அடியில் தொங்கும் ஆயில் சம்ப்பும் அப்படித்தான், ஒரே அழுத்தில் நெளிந்துவிடும்.

பின்சக்கரம் கழற்ற ஆக்சில் குழாயில், ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் யூ கிளாம்ப்புக்குப் பக்கத்தில் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எடை எப்போதும் அந்த வழியாகத்தானே தரைக்கு இறங்குகிறது! கதவுக்கடிப் பெட்டிச்சட்டத்தை நம்புவதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் அடிக்கும் செம்மண் சேறு வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ள, துரு உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும்.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நல்லவேளையாகத் தனிச் சேஸிஸ் உண்டு. அதன் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடிக்கும் என்பது வேறு கதை.

ஜீப்காரர்களிடமிருந்து கற்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தாண்டிக்குடி சாலையின் ஏற்றத்தில் டயர் பஞ்சரானால், "மொதல்ல கல்ல வைங்க, அப்புறம் ஜாக்கியப் பாப்போம்" என்பார்கள். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியதும், அது ஒரு பக்கம் சுழல, தரையில் நிற்கும் மற்றது எதிர்ப்பக்கம் உருள டிஃபரென்ஷியல் இடம் கொடுத்துவிடும். தண்டு அசையாமலே வண்டி பள்ளத்துக்கு நகரும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதிதான். சக்கரத்துக்குக் கொடுத்த கல் மட்டுமே அங்கே பிரேக். தூக்கிய பிறகும் ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

2014-இல் அம்பாசிடர் தயாரித்த உத்தர்பாரா ஆலை நின்றதிலிருந்து பழைய வண்டியைத் தேடி வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஒரு பக்கத்தைப் பாடியின் உறுதியான இடத்தில் மெதுவாகத் தூக்கி, கதவிடுக்கைக் கவனியுங்கள். இடுக்கு குறுகி, கதவு நிலையில் உரசினால், விலைப் பேச்சை டிங்கர் கூலியிலிருந்து தொடங்கலாம்.