நாலு நொடி

களக்காட்டில் வாழைத்தார் மண்டிக்கு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், பாதி ஊரைப் பார்த்துவிடலாம். ஏத்தன் தார்களை லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மண்டியின் பக்கச்சுவரில் மட்டும் வேறொரு சத்தம். டப்... டப்...

ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். முதுகில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயர் பாதி வெளுத்த ஜெர்சி, எட்டாம் நம்பர். எட்டு என்றால் பெரும்பாலும் நடுக்களம்தான். இடது தோளில் மட்டும் வாழைக்கறை, சலவைக்கு மசியாத கருப்பு.

சுவரில் உதைக்கிறான், பந்து திரும்பி வருகிறது. இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மைதானத்தில் ஆடுகிறவன் பந்தைக் காலின் உட்பக்கத்தால் அணைப்பான். இவன் உள்ளங்காலால் மிதித்து நிறுத்துகிறான். அதே மிதியில் பின்னால் உருட்டி, உடம்பைத் திருப்பி, மறுபடி சுவருக்கு. ஷூவில் முள் இல்லை, தட்டை ரப்பர் அடி. பந்தும் கொஞ்சம் சின்னது. தரையில் விழுந்தால் சோம்பேறி மாதிரி அப்படியே கிடக்கிறது.

மூன்றாம் வகுப்பு படிக்கிற மாதிரி ஒரு பொடியன் குத்தவைத்து எண்ணுகிறான். “ஒண்ணு... ரெண்டு... மூணு... அண்ணே, நாலு ஆயிட்டு! பந்து அவியளுக்கு!”

அப்போதுதான் பிடிபட்டது. ஃபுட்சால். 1930இல் உருகுவேயின் மாண்டிவீடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் உருவாக்கிய உள்ளரங்கக் கால்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், 40க்கு 20 மீட்டர் தளம். வெளியே போன பந்தை நாலு நொடிக்குள் உதைத்து உள்ளே விட வேண்டும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்து 65 சென்டிமீட்டருக்கு மேல் எழக்கூடாது. பெரிய மைதானத்தில் நடுக்கள ஆட்டக்காரனுக்குத் தலை தூக்கிப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு. இங்கே பந்து வருவதற்கு முன்னாலேயே பார்த்து முடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சுற்றிலும் பலகை அடைத்து, அதில் பட்டுத் திரும்பும் பந்தையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிற ஒரு வகை இருக்கிறது. மண்டிச் சுவர் அதற்குத் தோது.

மைதானக் கால்பந்துக்குத் தெற்கே முன்மாதிரி உண்டு. இரவிபுத்தன்துறைக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ் நடுக்களத்தில் ஆடியே சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று போனார். உள்ளரங்கத்துக்கு? 2016 ஜூலையில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரேசிலின் ஃபல்காவோ வந்து ஆட, பிரீமியர் ஃபுட்சால் தடபுடலாகத் தொடங்கியது. இரண்டே சீசன். 2021இல் டெல்லியில் கிளப்புகளுக்கான தேசியப் போட்டி. 2023 அக்டோபரில் இந்திய அணி துஷான்பேயில் ஆசியத் தகுதிச்சுற்று ஆடியது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒருவன் மாதச் சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிற வேலையாக அது ஆகவில்லை. கல்லூரி முடிந்த கையோடு ஜெர்சி மட்டும் மிச்சம்.

இதைப் பற்றி அவனிடம் நான் கேட்கவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

“மக்கா, அடுத்த வண்டி வந்துட்டு!” மண்டி வாசலிலிருந்து குரல்.

பந்தைப் பொடியனிடம் உருட்டிவிட்டான். ஷூவைக் கழற்றி, உள்ளே காகிதம் திணித்து, ஜன்னல் திட்டில் வைத்தான். சும்மாட்டுத் துண்டை மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு தார்க்குவியலைப் பார்க்க நடந்தான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொரு லோடு இருக்கிறது என்றார் டீக்கடை அண்ணாச்சி.