யமே சொன்ன பிறகு

பயிற்சி தொடங்குமுன் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்துவிடுவார்கள். (ஒன்றிரண்டு பேர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்ப்பதும் உண்டு, நான் கண்டுகொள்வதில்லை.) பயிற்சி முடிந்தபின் அதே பிள்ளைகளை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. கராத்தே சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டுமென்றால் முன்னதை விடுங்கள்.

ஜப்பானியத் தற்காப்புக் கலைகள் பலவற்றில் இந்த அமர்வை மொகுசோ என்பார்கள். இடது முழங்காலை முதலில் ஊன்றி, பிறகு வலது; குதிகால்மேல் அமர்ந்து முதுகை நிமிர்த்த வேண்டும். மூத்த மாணவர் 'மொகுசோ' என்று குரல் கொடுப்பார். 'யமே' என்றால் முடிந்தது. இடையில் ஓரிரு நிமிடம், மூச்சைக் கவனிப்பது மட்டுமே வேலை. கெண்டோ என்னும் வாள்கலை பயில்கிறவர்கள் வலது உள்ளங்கைமேல் இடது கையை வைத்து, கட்டைவிரல் நுனிகளைச் சேர்த்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ஜென் மடங்களில் தியானத்துக்கு வைக்கும் அதே முத்திரை.

ஜென் துறவி தகுவான் சோஹோ, 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஷோகுனின் வாள் ஆசிரியர் யாக்யூ முனேனோரிக்கு ஒரு விஷயம் எழுதினார். எதிராளியின் வாளில் உன் மனம் போய் நின்றுவிட்டால் வெட்டுப்படுவாய் என்பது அதன் சாரம். சண்டைக்குச் சொன்னது அது. சண்டை ஓய்ந்த பிறகுதான் அது இன்னும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. குமிட்டே என்னும் இருவர் மோதும் பயிற்சியில் மூக்கில் ஒரு குத்து வாங்கிய பையனைப் பாருங்கள். 'யமே' என்றதும் கை நின்றுவிடும். மனம் அந்தக் குத்திலேயே நிற்கும். நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், திருப்பிக் கொடுக்க உடம்பு தயாராகவே இருக்கும். அப்படியே அனுப்பிவைத்தால் தங்கச்சி மேலேயோ, வழியில் குறுக்கே வந்த ஆட்டோக்காரர் மேலேயோ அது இறங்கும். அதனால் அடித்தவனையும் அடிபட்டவனையும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வைப்பேன். எழுந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும். முறைத்துக்கொண்டே குனிகிறவனும் உண்டு. அவனை இன்னொரு முறை உட்கார வைப்பேன்.

மனதை வெறுமையாக்கு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் அர்த்தமில்லை. இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும் என்றால் போதும். இதயத் துடிப்பு தானாகத் தணியும். ஓடியாடிய சூட்டில் தடாலென்று உட்காரவும் கூடாது. கால்களில் ரத்தம் தேங்கிச் சிலருக்குத் தலை சுற்றும். கொஞ்சம் நடந்து, கைகாலை நீட்டி மடக்கிவிட்டு உட்காரலாம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் சம்மணம் போடட்டும். நான் இப்போதெல்லாம் நாற்காலிதான். அதனால் மரபு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பெற்றோரோடுதான் எனக்கு வழக்கு. ஏழு மணிக்கு முன்பே வாசலில் பைக் உறும ஆரம்பித்துவிடும். "டியூஷனுக்கு நேரமாச்சு மாஸ்டர், சும்மா உட்கார்றதைக் குறைச்சுக்கக் கூடாதா?" சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. இப்போது நோட்டீஸிலேயே வகுப்பு 7.10 வரை என்று அச்சடித்துவிட்டேன். குத்தும் உதையும் ஏழுக்கே முடிந்துவிடும் என்பது பிள்ளைகளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.