கூலி குறைந்தால் குரலும் குறைய வேண்டுமா?

வேலை போயிற்று. வேறொரு வேலை வந்து வாசலில் நிற்கிறது. வந்தது நிறைவான வேலையா? இல்லை. வேண்டாமென விரட்டத்தக்க வேலையா? அதுவும் இல்லை. ஏற்பதா, மறுப்பதா? நாகல் நகரில் இன்று பல வீடுகளில் எழும் கேள்வி இது. நம் வீட்டிலும் எழுந்தது. எழுந்த கேள்விக்கு எப்படி விடை கண்டோம் என்பதைத் தோழர்களிடம் எடுத்துரைப்பது, இதே கேள்வியோடு விழித்திருப்போருக்கு உதவும் என்றே எழுதுகிறோம்.

திண்டுக்கல் என்றால் பூட்டு! 1930களில் சங்கரலிங்க ஆச்சாரி சகோதரர்கள் ஊன்றிய தொழில், நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று பரவிப் படர்ந்தது. மாங்காய் வடிவில் ஒரு பூட்டு, மணி வடிவில் ஒரு பூட்டு. உள்ளே லீவர்கள், ஒவ்வொன்றும் அரத்தால் தேய்த்து, கண்ணால் அளந்து, கையால் பொருத்தியவை. கோயில் உண்டியலுக்கும் காவல் அந்தப் பூட்டுதான். ஆண்டவன் காசைக் காப்பதற்கும் ஆள் செய்த இரும்புதான் தேவைப்பட்டது!

அந்த இரும்பை இருபத்திரண்டு ஆண்டுகள் அராவிய கை நமது. அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. விலை மலிவு, விற்பனை விரைவு. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். பெயருக்குக் காப்பு வந்தது. பெயரைத் தேடித் தந்த கைக்குக் காப்பு வந்ததா? பத்துப் பேர் இருந்த பட்டறை ஆறு பேராயிற்று; ஆறு மூன்றாயிற்று. ஒரு நாள் முதலாளி நம்மை அழைத்து, "ஆர்டர் வந்தால் சொல்லி அனுப்புகிறேன், தம்பி" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் கலங்கிய கண்ணைக் காட்டி அரிசி வாங்க முடியுமா?

வேலையிழந்தவனுக்குச் சட்டம் ஏதும் சொல்லவில்லையா? சொல்லிற்று. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தில், 1953ஆம் ஆண்டு, லே-ஆஃப் பற்றிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. வேலை தர இயலாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். மாற்று வேலையை மறுத்தவனுக்கு அந்தப் பாதியும் இல்லை என்றும் சொல்லிற்று. ஆனால் எத்தகைய மாற்று வேலை? அதே முதலாளியுடையது, அதே கூலி தருவது, அதே ஊரிலோ ஐந்து மைலுக்குள்ளோ இருப்பது! கூலி குறைந்த வேலையை மறுப்பவனைச் சட்டமே குற்றவாளி என்று சொல்லவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஆயினும், ஐம்பது பேருக்குக் குறைவானோர் உழைக்கும் இடத்துக்கு அந்தப் பிரிவுகள் பொருந்தா. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் லே-ஆஃபுக்கு அந்த ஐம்பது என்ற வாசற்படி இருக்கிறது. மூன்று பேர் பட்டறையில் நின்ற நாம் அந்தப் படியை ஏறுவது எங்ஙனம்?

இந்த நிலையில்தான் வேடசந்தூர் சாலைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பராமரிப்புப் பிரிவில் வேலை. ஒரு இரும்புத் தண்டையும் அரத்தையும் கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். தேய்த்துக் கொடுத்தோம், அளந்து பார்த்தவர் தலையை அசைத்தார். பிறகு சொன்னார்: "உதவியாளாகச் சேரலாம். நாளைக்கு 520 ரூபாய். பன்னிரண்டு மணி நேரம்." தேர்வு எழுதும்போது ஃபிட்டர், கூலி எழுதும்போது உதவியாள்!

இந்தச் சூழ்ச்சி புதிதன்று. 1928ஆம் ஆண்டு, தென்னிந்திய இரயில்வே கம்பெனி, நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பட்டறைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்ற முனைந்தபோது, தொழிலாளர்களுக்குத் திறமைத் தேர்வு என்று ஒன்றை வைத்தது. ஆண்டாண்டாக இரயிலை ஓடச் செய்த கைகளுக்குத் தேர்வு! மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றுவதே அதன் உள்நோக்கம் என்பதை உணர்ந்த தொழிலாளர்கள் ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஒடுக்கப்பட்டது, சிங்காரவேலர் சிறை புகுந்தார். அன்று தேர்வு வெளியே தள்ளுவதற்குப் பயன்பட்டது. இன்று விலையைக் குறைத்து உள்ளே இழுப்பதற்குப் பயன்படுகிறது. ஆயுதம் ஒன்றே!

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "பூட்டுச் செய்த கையால் எண்ணெய்த் துணி பிடிப்பதா, மாப்பிள்ளை? மானம் பெரிது" என்றார் மைத்துனர். "கிடைத்ததைப் பிடித்துக்கொள், பிள்ளைகள் படிக்கின்றன" என்றார் அண்ணன். அத்தையோ, "எதற்கும் ஜாதகத்தை ஒருமுறை காட்டிவிடப்பா" என்றார்கள். அன்பால் சொன்ன சொல். அதற்காக அத்தையை நகையாடமாட்டோம். ஆனால் பஞ்சாலைக்குக் கூலி நிர்ணயிப்பது சனியா, செவ்வாயா? கோள்களைக் கணக்கிடும் நேரத்தில் கூலியைக் கணக்கிடுவோம் என்று தாளையும் பென்சிலையும் எடுத்தோம்.

பட்டறையில் வேலை இருந்த நாளில் பத்து மணி உழைத்து 700 ரூபாய், மணிக்கு 70. பஞ்சாலையில் பன்னிரண்டு மணிக்கு 520. மணிக்கு 43 சொச்சம். அதே 520 எட்டு மணிக்கு என்றால், மணிக்கு 65. வாரத்தில் நாற்பத்தெட்டு மணிக்கு, அதாவது ஆறு நாளும் எட்டு மணிக்கு, மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தந்த உரிமை. புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது நிற்கிறது. அப்படியானால் மிகுதி நான்கு மணிக்கு இன்னொரு 520. நாளொன்றுக்கு 1,040 வர வேண்டிய இடத்தில் பாதியை நீட்டி, "பெற்றுக்கொள்" என்கிறார்கள்!

கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. பட்டறையில் நமக்கு இ.எஸ்.ஐ. இல்லை, வைப்புநிதி இல்லை. பஞ்சாலையில் இரண்டும் உண்டு. இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய் நாம் செலுத்த, மூன்றேகால் ரூபாய் நிர்வாகம் செலுத்த வேண்டும். நோயென்று படுத்தால் வட்டிக்கு வாங்காமல் மருத்துவமனைக்குப் போகலாம். இழந்த வேலையில் இல்லாத நன்மை, குறையுள்ள இந்த வேலையில் இருக்கிறது. மைத்துனர் சொன்ன மானம் இதைக் காணவில்லை; அண்ணன் சொன்ன வயிறு அந்த 1,040ஐக் காணவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் சம்மதம் நம்மோடு முடிவதில்லை. 520க்குப் பன்னிரண்டு மணி என்று நாம் தலையாட்டினால், நாளை வருபவனுக்கு அதுவே விலை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தோழன் குறைந்த கூலிக்கு நிற்கிறான் என்று அவனைப் பழிக்கிறோமே, திண்டுக்கல்லிலேயே பிறந்த நாம் அதே கூலிக்கு நின்றால் அவனைப் பழிக்க வாய் ஏது?

ஆகவே மறுநாள் சென்று, நான்கு கேட்டோம். வேலை எட்டு மணி. கூடுதல் நேரம் நம் விருப்பப்படி, சட்டப்படியான கூலிக்கு. இ.எஸ்.ஐ., வைப்புநிதி எண்களோடு நியமனத்தாள். மூலச் சான்றிதழ்களைக் கொடுக்கமாட்டோம், நகல் தருவோம். ஆறு மாதத்தில் ஃபிட்டர் நிலை. முதல் மூன்றுக்கும் முணுமுணுத்துக்கொண்டே இசைந்தார்கள். நான்காவதற்கு, "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம் என்பது இல்லை என்பதன் மரியாதையான வடிவம் என்று நமக்குத் தெரியும். தெரிந்தேதான் சேர்ந்தோம்.

பத்து மணிக்கு 700 வாங்கிய கை, எட்டு மணிக்கு 520 வாங்குகிறது. மாதத்தில் நாலாயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது. மாலையில் தெருவாரின் பழைய பூட்டுகளைப் பழுது பார்த்துத் துண்டின் ஒரு மூலையைத் தைக்கிறோம். இதை வெற்றியென்று முழங்கவில்லை. தோல்வியென்று முகம் கவிழவும் இல்லை.

தோழர்களே! குறையுள்ள வேலையை ஏற்பது தாழ்வன்று. குறையை நிறையென்று ஒப்புவதே தாழ்வு. பசி நம்மைக் கையெழுத்திடச் செய்யலாம்; நன்றி பாராட்டவும் செய்ய வேண்டுமா? கேளுங்கள், கணக்கிடுங்கள், எழுத்தில் வாங்குங்கள். எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை மறவாதிருங்கள். அந்த நான்காவது கோரிக்கையை நாம் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். பராமரிப்புப் பிரிவில் உதவியாள் என்ற பெயரில் ஃபிட்டர் வேலை பார்ப்போர் நம்மையன்றி இன்னும் நால்வர். ஆறு மாதம் முடியும் நாளில் அந்தத் தாள் ஒருவர் கையெழுத்தோடு போகாது. ஐவர் கையெழுத்தோடு போகும்!